ஜப்பானைக் கற்றவர் ஒருவர் நம் ஊருக்கு வேண்டும்

(திருப்பூர் ராயபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜப்பானின் வெளியுறவுக் கொள்கையும் ஆசியாவின் பாதுகாப்பும் என்று இன்றைய பேச்சின் தலைப்பைப் பார்த்தவுடன், இது டெல்லியில் பேச வேண்டியதாயிற்றே என்று சிலர் நினைத்திருப்பீர்கள். மேடைக்கு வருவதற்கு முன் ஒரு கம்பெனிக்காரர் என்னிடம் நேராகவே கேட்டார்: “எங்களுக்கு ஆர்டர் வேணுங்க, வரலாறு எதுக்குங்க?” நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அதற்கான பதில்தான்.

இந்தத் தெருக்களில் ஓடுகிற ஓவர்லாக், பிளாட்லாக் எந்திரங்களின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பெகாசஸும் யமாட்டோவும் ஒசாகா நகரத்துக் கம்பெனிகள். ஜூகி டோக்கியோ. பிரதர் நகோயா. ஜப்பான் எந்திரத்தைத் தெரியாத டைலர் திருப்பூரில் இல்லை. அந்த எந்திரத்தை அனுப்புகிற நாடு எதைக் கண்டு அஞ்சுகிறது, யாரோடு சேர்கிறது, யாரிடமிருந்து விலகுகிறது, தன் பணத்தை எந்தத் துறைமுகத்தில் போடுகிறது என்பதைத் தெரிந்தவர்கள் மட்டும் நம்மிடையே மிகக் குறைவு. இந்தக் குறையால் நாம் பலமுறை பின்தங்கியிருக்கிறோம் என்பதே என் வாதம்.

பருத்தியிலிருந்து தொடங்குகிறேன். 1893இல் ஜப்பானின் என்.ஒய்.கே. கப்பல் நிறுவனம் பம்பாய்க்கும் கோபேவுக்கும் இடையே கப்பல் விட்டது. அந்த நிறுவனம் ஆழ்கடலில் தொடங்கிய முதல் நெடுந்தூரப் பாதை அதுதான். ஜாம்செட்ஜி டாடா அதற்குத் துணை நின்றார். ஏற்றிப் போனது நம் பஞ்சு. நம் பஞ்சு அங்கே நூலாகித் துணியாகி, முப்பது நாற்பது ஆண்டுகளில் இந்தியச் சந்தைக்கே திரும்பி வந்தது, இங்கிலாந்தின் லங்காஷயர் துணியைவிட மலிவாக. பிரிட்டிஷ் அரசு பதறியது. 1933 ஜூனில் பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கு வரியை 75 சதவீதமாக ஏற்றியது. ஜப்பான் நூற்பாலைகள் சண்டைக்கு வரவில்லை, கெஞ்சவும் இல்லை. இந்தியப் பஞ்சை வாங்க மாட்டோம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டன. அவ்வளவுதான். பஞ்சு விற்கிற விவசாயியின் குரல் ஆட்சியாளர்கள் இருந்த சிம்லாவுக்குக் கேட்டது.

அந்த ஆண்டு செப்டம்பரில் சிம்லாவில் பேச்சு தொடங்கியது. இந்தியத் தரப்பில் வணிக உறுப்பினர் ஜோசப் போர், ஜப்பான் தரப்பில் சவாடா செட்சுசோ. முடிவில் வந்த ஒப்பந்தத்தின் கணக்கைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வரி 50 சதவீதமாகக் குறையும். ஜப்பான் ஆண்டுக்குப் பத்து லட்சம் பொதி இந்தியப் பஞ்சு வாங்கினால், 32.5 கோடி கெஜம் துணியை இங்கே விற்கலாம். பதினைந்து லட்சம் பொதி வாங்கினால் 40 கோடி கெஜம் வரை விற்கலாம். 1934 ஜூலையில் லண்டனில் கையெழுத்தாயிற்று. பஞ்சுக்கும் துணிக்கும் இப்படி நேருக்கு நேர் முடிச்சுப் போட்ட உடன்படிக்கை அது. அப்போது நம் ஊரில் பனியன் தொழில் தவழ்கிற பருவம். தன் பொருளின் விலையைத் தொடக்கூடிய ஒரு பேரம் சிம்லாவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததைத் திருப்பூர் எவ்வளவு அறிந்திருக்கும்? அதற்குச் சற்று முன்புதான், 1932 ஜனவரியில், இந்த ஊரில் விடுதலைப் போராட்டத்தில் குமரன் கொடியை விடாமல் அடிபட்டு உயிரை விட்டார். அரசியலில் விழித்திருந்த ஊர் இது. உலக வணிகத்தின் அரசியலை நமக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பிறகு போர். ஒரு தலைமுறை ஜப்பான் என்ற பெயரை அச்சத்தோடுதான் உச்சரித்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னையை விட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சூலூர் விமானத் தளம் அந்தப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் தளம். ஜப்பானை எதிர்க்கும் போரின் ஒரு துணைத்தளம் கொங்கு மண்ணில் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இதைவிட நெஞ்சை உலுக்குவது சயாம் மரண ரயில். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மடிந்தார்கள். அதே தோட்டங்களிலிருந்து அதே ஆண்டுகளில் இந்திய தேசிய ராணுவத்துக்கும் தமிழர்கள் போனார்கள். அதன் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. ஒரு குடும்பத்தில் அண்ணன் ரயில் பாதையில் செத்துக்கொண்டிருக்க, தங்கை ஜப்பானின் துணையோடு டெல்லிக்குப் போவோம் என்று நம்பிக்கொண்டிருக்கக்கூடிய காலம் அது. ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் இந்த இரண்டில் எதையும் விடக் கூடாது. இன்றைய நட்பு விருந்துகளில் இதைச் சொல்வது நாகரிகம் இல்லை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நினைவோடு இருக்கிற நட்பே நிலைக்கும்.

இங்கேதான் ஓர் அறிஞரின் பெயரைச் சொல்ல விரும்புகிறேன். பேராசிரியர் கே. வி. கேசவன். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கிழக்கு ஆசிய ஆய்வு மையத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஜப்பானைக் கற்பித்தவர். பின்னர் டெல்லியில் அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனத்தில் தொடர்ந்து எழுதியவர். இந்தியாவில் ஜப்பானின் வெளியுறவையும் பாதுகாப்பையும் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்களின் முதல் வரிசையில் பி. ஏ. நரசிம்ம மூர்த்தியோடு இவரையும் வைக்க வேண்டும். தொலைக்காட்சியில் அதிகம் வராதவர்கள். அதனால்தான் நம் காதுக்கு எட்டாதவர்கள்.

கேசவனின் 1972 நூல் 1952 முதல் 1960 வரை ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவோடு, குறிப்பாகப் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவோடு கொண்ட உறவைப் பற்றியது. ஏன் இந்த எட்டு ஆண்டுகள்? போரில் தோற்ற நாடு, தான் நாசம் செய்த நாடுகளின் வாசலுக்குத் திரும்பப் போன காலம் அது. இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. பர்மாவோடு 1954இல், பிலிப்பைன்ஸோடு 1956இல், இந்தோனேசியாவோடு 1958இல் ஒப்பந்தங்கள். பிலிப்பைன்ஸுக்கு மட்டும் 55 கோடி டாலர், இருபது ஆண்டுகளில். தொகையைவிட முக்கியம் அதைக் கொடுத்த விதம். பெரும்பகுதியைப் பணமாகக் கொடுக்கவில்லை. ஜப்பானில் செய்த கப்பலாக, எந்திரமாக, தொழிற்சாலையாக, பொறியாளரின் உழைப்பாகக் கொடுத்தார்கள். கடன் தீர்ந்துகொண்டே வந்தது. கூடவே ஜப்பான் தொழிற்சாலைகளுக்கு வேலையும் கிடைத்தது. எந்திரம் போன இடத்துக்கு உதிரிபாகம் போயிற்று, உதிரிபாகத்தின் பின்னால் வணிக நிறுவனத்தின் கிளை போயிற்று. இருபது ஆண்டுகளில் பழைய பகை நாடுகள் ஜப்பானின் சந்தையாகவும் பட்டறையாகவும் மாறின.

தொழில் நடத்துகிற உங்களுக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகப் புரியும். ஓர் அறிஞரின் வேலை இப்படிப்பட்டது. எல்லோரும் இழப்பீடு என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிற இடத்தில் அவர் நின்று, பொருள் எந்தக் கப்பலில் போயிற்று, பில் யார் பெயரில் போட்டார்கள் என்று தேடுகிறார்.

அந்தக் கணக்கில் இடம்பெறாதவர்களும் இருந்தார்கள். மலேசியாவோடும் சிங்கப்பூரோடும் 1967இல் ஏற்பாடு வந்தது. அது அரசுக்கும் அரசுக்குமானது. ரயில் பாதையில் தகப்பனைப் பறிகொடுத்த தமிழ்க் குடும்பத்தின் கைக்கு அதிலிருந்து எதுவும் வரவில்லை. இந்தியாவோ இழப்பீடே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த நாடு. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு அமைதி மாநாடு நடந்தது. இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, எங்களுக்கு இழப்பீடு வேண்டாம் என்று அங்கே பேசினார். ஜப்பான் இன்றும் அவரை நினைவுகூர்கிறது. நேருவின் இந்தியா அந்த மாநாட்டுக்கே போகவில்லை. அந்நியப் படை ஜப்பான் மண்ணில் தொடர்வதற்கும், ஒகினாவா அமெரிக்கக் கையில் இருப்பதற்கும் இந்தியா உடன்படவில்லை. 1952 ஜூன் 9 அன்று டோக்கியோவில் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. நேரு முரண்டு பிடித்தார் என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. என் பார்வையில் அது சரியான முடிவு. தோற்ற நாட்டைச் சமமாக நடத்தினோம் என்ற பெயரை இந்தியா அதில் சம்பாதித்தது. 1958இல் ஜப்பான் உலகுக்கே தன் முதல் யென் கடனைக் கொடுத்தபோது அதைப் பெற்ற நாடு இந்தியா.

கேசவனின் அடுத்த முக்கிய நூல் 1984இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1976க்குப் பிந்தைய ஜப்பானின் பாதுகாப்புக் கொள்கை பற்றியது. 1976இல் அப்படி என்ன நடந்தது? பிரதமர் மிகியின் அமைச்சரவை, ராணுவச் செலவு தேசிய உற்பத்தியில் ஒரு சதவீதத்தைத் தாண்டாது என்று முடிவெடுத்தது. போரைத் துறந்த அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவும், இந்த ஒரு சதவீதமும், அணு ஆயுதம் வைத்திருக்க மாட்டோம், செய்ய மாட்டோம், உள்ளே விட மாட்டோம் என்ற மூன்று கொள்கைகளும்தான் நாம் அறிந்த அமைதியான ஜப்பான். 2022 டிசம்பரில் அந்த நாடு, 2027 நிதியாண்டுக்குள் செலவை இரண்டு சதவீதத்துக்குக் கொண்டுபோவோம், எதிரியின் தளத்தைத் திருப்பித் தாக்கும் ஏவுகணையும் வைத்துக்கொள்வோம் என்று அறிவித்தது. நாளிதழில் இது ஒருநாள் செய்தி. 1976ஐப் படித்தவருக்கு இது அரை நூற்றாண்டுச் சுவர் இடிகிற சத்தம்.

ஏன் இடித்தார்கள்? வட கொரியாவின் ஏவுகணை, சீனக் கடற்படையின் வளர்ச்சி, தைவானைச் சுற்றிய பதற்றம், உக்ரைன் போர். இவை செய்தியில் வருவன. இன்னொன்று நம் வாசலில் இருக்கிறது. ஜப்பானுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மேற்கு ஆசியாவிலிருந்து போகிறது. ஹோர்முஸ் நீரிணை தாண்டி, அரபிக்கடல் கடந்து, இலங்கையின் தென்முனையைச் சுற்றி, மலாக்கா வழியாக. குமரி முனையில் நின்றால் தெற்கே அடிவானத்துக்கு அப்பால் ஜப்பானின் உயிர்நாடி ஓடிக்கொண்டிருக்கிறது.

1999 அக்டோபரில் அந்த வழியில் ஒரு சம்பவம். அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல், இந்தோனேசியாவில் சுமார் ஏழாயிரம் டன் அலுமினியம் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கடற்கொள்ளையர் மறித்தார்கள். மாலுமிகள் பதினேழு பேரை மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். பல நாள் கழித்து ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகு அவர்களைக் காப்பாற்றியது. கப்பல் பெயர் மாறி, வண்ணம் மாறி அரபிக்கடலுக்கு வந்தது. இந்தியக் கடலோரக் காவல் படையின் தாராபாய் கப்பலும் கடற்படையின் பிரஹார் கப்பலும் நவம்பரில் அதைத் துரத்திப் பிடித்தன. முந்தைய ஆண்டு பொக்ரானில் அணுகுண்டு சோதித்ததற்காக இந்தியாவுக்குப் புதுக் கடனை நிறுத்தி வைத்திருந்தது ஜப்பான்.  தலைவர்கள் பேசத் தயங்கிய நேரத்தில் ஒரு சரக்குக் கப்பல் இரண்டு நாடுகளையும் பேச வைத்தது. 2000 முதல் இரு நாட்டுக் கடலோரக் காவல் படைகளும் கூட்டுப் பயிற்சி செய்கின்றன. சஹயோக் கைஜின் என்ற அந்தப் பயிற்சி பலமுறை நடந்த இடம் சென்னைக் கடல். 2017 ஜூலையில் மலபார் கூட்டுக் கடற்படைப் பயிற்சிக்காக ஜப்பானின் இசுமோ என்ற 248 மீட்டர் நீளப் போர்க்கப்பல் வந்து நின்றதும் சென்னையில்தான்.

குவாட் என்று இன்று நான்கு நாடுகளின் கூட்டைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா. இந்த நால்வரும் முதலில் ஒன்று சேர்ந்தது 2004 டிசம்பர் சுனாமியின்போது, நிவாரணப் பணிக்காக. நாகப்பட்டினத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்த கூட்டு அது. ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே 2007 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றத்தில் இரு பெருங்கடல்களின் சங்கமத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சிலிருந்தே வரலாற்றைத் தொடங்குவது டெல்லிக்காரர்களின் வழக்கம். வங்கக் கடலோரத்து மக்களாகிய நமக்கு அது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். திருப்பூரில் பேக்கிங் முடிந்து சீல் வைக்கிற கன்டெய்னர்களில் பெரும்பகுதி தூத்துக்குடிக்குப் போகின்றன. அங்கிருந்து சிறு கப்பலில் கொழும்பு. கொழும்பில்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. உங்கள் டெலிவரி தேதி கொழும்புத் துறைமுகத்தின் கையில் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் கிழக்குக் கன்டெய்னர் முனையத்தை இலங்கை, இந்தியா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து வளர்ப்பது என்று 2019 மே மாதம் உடன்பாடு வந்தது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2021 பிப்ரவரியில் இலங்கை அரசு அதைக் கைவிட்டது. ஜப்பான் கடனில் கொழும்பில் வரவிருந்த இலகு ரயில் திட்டத்தை அதற்கு முந்தைய ஆண்டே நிறுத்தியிருந்தார்கள். இந்தியாவுக்கு ஈடாக மேற்கு முனையம் வந்தது, அதானி குழுமத்தின் கையில். ஜப்பான் ஒதுங்கியது. இலங்கை திவாலான பிறகு, 2023இல், கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இந்தியாவோடும் பிரான்ஸோடும் சேர்ந்து தலைமை ஏற்று ஜப்பான் திரும்பி வந்தது.

ஜப்பான் எப்படிக் கோபப்படும் என்று இதில் பாருங்கள். கூச்சல் இல்லை, மிரட்டல் இல்லை. விலகி நிற்கும், கணக்கை வைத்திருக்கும், நேரம் வரும்போது மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரும். இலங்கைக்கு அது புதிதும் இல்லை. 2002இல் ஜப்பான் யசுஷி அகாஷியை இலங்கைக்கான சமாதானத் தூதராக அமர்த்தி, 2003 ஜூனில் டோக்கியோவில் நன்கொடை நாடுகளின் மாநாட்டைக் கூட்டியது. 450 கோடி டாலர் வாக்களிக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. பணத்தால் அமைதியை வாங்கலாம் என்ற ஜப்பானின் நம்பிக்கை அங்கே தோற்றது. ஈழத்தைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிற தமிழ்நாட்டில், ஜப்பானின் இந்தப் பங்கை முழுமையாக ஆராய்ந்த ஒரு தமிழ் நூல் வந்திருக்க வேண்டும். ஈழத்தமிழர்களுக்கு நாம் பட்டிருக்கிற கடன்களில் அதுவும் ஒன்று.

ஆர்டர் கேட்ட நண்பருக்கு இப்போது பதில். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஆயத்த ஆடைக்கு அங்கே வரி இல்லை. அன்று இந்த ஊரில் எவ்வளவு மகிழ்ச்சி! ஆனால் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஜப்பான் இறக்குமதி செய்கிற ஆடையில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. ஏன்? ஊசி முனை சோதனை கடுமை, தரம் கடுமை, சின்னச் சின்ன லாட்டாகக் கேட்கிறார்கள் என்று காரணம் சொல்கிறோம். உண்மைதான். உடைந்த ஊசியின் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டி வைக்கச் சொல்கிற வாடிக்கையாளர் அவர். ஆனால் அந்தக் கடுமை வியட்நாமுக்கும் உண்டு, வங்கதேசத்துக்கும் உண்டு.

அவர்கள் முந்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2010 செப்டம்பரில் கிழக்குச் சீனக் கடலில், ஜப்பானும் சீனாவும் உரிமை கோருகிற செங்காகு தீவுகளின் அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பான் ரோந்துக் கப்பல்களோடு மோதியது. படகோட்டியைப் பிடித்தார்கள். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போக வேண்டிய அரிய மண் தாதுக்கள் தடைப்பட்டன. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட் போன்ற தாதுவிலிருந்து எடுக்கிற பொருள் அது. அதற்காக ஜப்பான் இந்தியாவின் கதவைத் தட்டியது. 2012இல் அந்தத் தீவுகளில் சிலவற்றை ஜப்பான் அரசு விலைக்கு வாங்கியதும் சீன நகரங்களில் ஜப்பான் கடைகளை உடைத்தார்கள். அன்று முதல் ஜப்பான் கம்பெனிகள் சீனாவுக்கு வெளியே இன்னோர் இடம் வேண்டும் என்று உறுதியாகத் தேடின. 2020இல் இடம் மாறுகிற கம்பெனிகளுக்காக அந்த அரசு 24,350 கோடி யென் ஒதுக்கியது. ஒரு மீன்பிடிப் படகில் தொடங்கிய தகராறு பனியன் ஆர்டரை நாடு மாற்றியது.

எங்கே மாறும் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ஜப்பானின் வளர்ச்சி உதவி எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். வட வியட்நாமில் லாக் ஹுயென் ஆழ்கடல் துறைமுகம். வங்கதேசத்தில் மாதர்பாரி. மியான்மரில் திலாவா பொருளாதார மண்டலம். இவற்றுக்கெல்லாம் ஜப்பானின் கடனும் நிபுணர்களும் போன பின்னால் கம்பெனிகள் போயின. 1950களின் இழப்பீட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதே வழி, அதே வரிசை. கேசவனின் பழைய நூலைப் படித்தவருக்கு இதில் வியப்பே இருந்திருக்காது. எல்லாக் கணிப்பும் பலிக்காது என்பதும் உண்மை. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் திலாவாவின் கனவு சரிந்தது. நம் மாநிலத்தில் அந்தப் பணம் சென்னை மெட்ரோவுக்கும், ஒகேனக்கல் குடிநீருக்கும், எண்ணூரைத் தொடுகிற சென்னைப் புறவட்டச் சாலைக்கும் வந்தது. காரும் கார் உதிரிபாகமும் செழித்தன. கொங்கு நாட்டுப் பனியனும் தூத்துக்குடித் துறைமுகமும் அந்த வரைபடத்தில் ஏன் இடம்பெறவில்லை என்று நாம் கேட்டோமா? கேட்பதற்கு எந்த ஆவணத்தை விரித்து எந்தப் பக்கத்தில் விரலை வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் நம்மிடம் இருந்தாரா?

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதை நான் இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே சந்தையை நம்பியதன் வலியை ஒவ்வொரு செட்டும் உணர்ந்தது. அதே வாரத்தில், ஆகஸ்ட் 29 அன்று, டோக்கியோவில் இந்தியாவும் ஜப்பானும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான கூட்டுப் பிரகடனத்தைப் புதுப்பித்தன. 2008இல் செய்த பழைய பிரகடனத்தின் இடத்தில் புதியது. அடுத்த பத்து ஆண்டில் இந்தியாவில் பத்து லட்சம் கோடி யென் தனியார் முதலீடு என்பது இலக்கு. முதல் செய்தி நம் வீடுகளில் இடியாக விழுந்தது. இரண்டாவதை எத்தனை பேர் படித்தோம்? சிப், அரிய தாது, மருந்து, தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்குப் பொருளாதாரப் பாதுகாப்பு என்ற பெயரில் அங்கே கதவு திறக்கிறது. ஆடைத் தொழில் அந்தக் கதவுக்குள் நுழைய வழி கேட்க வேண்டுமென்றால், பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் ஜப்பான் இன்று எதையெல்லாம் அடக்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இது ரகசிய அறிவு இல்லை. ஜப்பானின் வெளியுறவு அமைச்சகம் 1957 முதல் நீலப் புத்தகம் வெளியிடுகிறது. பாதுகாப்பு வெள்ளை அறிக்கை 1970இல் தொடங்கி, 1976 முதல் ஆண்டுதோறும் வருகிறது. ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, இணையத்தில் காசில்லாமல். வேண்டியது, பத்து வருஷம் விடாமல் படிக்கிற பொறுமை. போன வருஷப் புத்தகத்தில் இருந்து இந்த வருஷம் காணாமல் போன ஒரு வரியைக் கண்டுபிடிக்கிற கண். ஜப்பான் மொழி. கூடவே, நம் தொழிலின் உள்விவரம். முதல் மூன்றும் உள்ள அறிஞர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். நான்காவதும் சேர்ந்தவர் திருப்பூரில்தான் உருவாக முடியும்.

நம் பிள்ளைகள் ஜப்பான் மொழி கற்கிறார்கள். தேர்வு எழுதச் சென்னைக்குப் போகிறார்கள். வேலைக்காகக் கற்கிறார்கள், அதில் தவறில்லை. அவர்களில் ஓரிருவரையாவது வேலையைத் தாண்டிப் படிக்க வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சிக்கண்ணா கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியிலோ வரலாறு, பொருளாதாரம் படிக்கிற, டைலர் வீட்டுப் பிள்ளை ஒன்று இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அந்தப் பிள்ளையை ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, பிறகு டோக்கியோவுக்கோ கியோட்டோவுக்கோ அனுப்பி, ஆறேழு வருஷம் தாங்குகிற செலவு, உங்களில் சிலர் சேர்ந்தால் ஒரு ஷிப்மென்ட்டின் லாபத்தில் அடங்கும். போட்ட பணத்துக்கு அடுத்த சீசனில் பலன் கேட்காதீர்கள். ஆராய்ச்சிக்கு அந்த அவசரம் ஆகாது. அந்தப் பிள்ளை திரும்பி வந்து தமிழில் எழுத வேண்டும், மாதம் ஒருமுறை இந்த ஊருக்குப் பேச வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

ஏற்றுமதியாளர் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. அதற்குள் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பத்தை நிரப்பவும், படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலைக் கொடுக்கவும் நான் வருகிறேன்.